தாழ்ந்த குரலில் பேசிய வீடு

முதலில் கேட்டது மூடி வைக்கிற சத்தம். எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் எவர்சில்வர் மூடியை, சத்தம் வந்துவிடக் கூடாதே என்று ஓரத்தை முதலில் பொருத்தி மெல்ல மெல்லச் சாய்த்து, அப்படியும் கடைசியில் கை நழுவி 'டிங்' என்று விழுமே, அந்தச் சத்தம். அதற்குப் பிறகு, யாரோ நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி ஒரு மௌனம். நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாலு மூலையில் நாலு முளைக்குச்சி, குச்சிகளை இணைத்து மஞ்சள் நூல், நூலுக்குக் கீழே நான் அப்போதுதான் கொட்டி முடித்திருந்த சுண்ணாம்புக் கோடு, சுற்றிலும் உடைமரம், அதற்கு அப்பால் காலை வெயிலிலேயே கண்ணைக் கூசவைக்கிற உப்பளம். கோடுகளுக்குள், அடுப்படி என்று நான் மனதில் வைத்திருந்த கட்டத்துக்குள்ளேயிருந்துதான் அந்த 'டிங்' வந்திருந்தது.

நான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஆபரேட்டர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற பாளம் பாளமான ஐஸை உறையவைக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஊர் தூங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது வீட்டுக்கு நடக்கிறவன். கம்ப்ரெசரைக் கழற்றி மாட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அட்டை போன ஒரு பழைய புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். அதே தைரியத்தில்தான், ஊருக்குத் தெற்கே உப்போடைத் தெருவின் கடைசியில் கிடந்த மூணு சென்டில் கொத்தனார் வைக்காமல் என் கையாலேயே வீடு கட்டிவிடலாம் என்று தை மாதம் இறங்கினேன். ஐஸ் உறைகிற நேரங்களில் போனில் வீடியோ பார்த்து, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது, தூக்குக்குண்டு விடுவது, மூலைமட்டம் பிடிப்பது எல்லாம் நோட்டில் படமாக வரைந்து வைத்திருந்தேன். வாடகை வீடு ஊருக்கு நடுவில் ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் மாவு மில், மறுபக்கம் வெல்டிங் பட்டறை. பகலில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, திருட்டுச் சாமானை ஒளித்து வைக்கிற மாதிரி என் தூக்கத்தைப் போர்வைக்குள் ஒளித்து ஒளித்துத்தான் தூங்குவேன். மாவு மில் நின்றால் பட்டறை, பட்டறை நின்றால் மாவு மில்.

காலை ஆறுக்கு ஷிப்ட் முடித்து, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, எட்டு மணிக்கு மனைக்கு வந்தால் பன்னிரண்டு வரை வேலை. அந்த நேரத்தில்தான் அந்த வீடும் பேசியது. யாரோ தலை சீவினார்கள், சிக்கில் சீப்பு மாட்டி விடுபட்டது. யாரோ குதிகால் படாமல் நடந்தார்கள். கடுகு வெடித்தபோது உடனே தட்டு போட்டு அமுக்கினார்கள். ஒரு பெண்பிள்ளை ஏதோ கேட்டது, ஒரு பெரிய பொம்பளை 'உஸ்' என்றாள். எட்டரைக்குத் தாழ்ப்பாள் நகர்ந்தது, அதற்கு மேல் ஃபேன் சத்தம் மட்டும். குரல்கள் என் மனைவி பேச்சி குரல் மாதிரியும் என் மகள் மதி குரல் மாதிரியும்தான் இருந்தன.

இரண்டாம் நாள், ஆட்டைத் தேடி வந்த கோட்டைச்சாமி அண்ணாச்சி நூலுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார். எதற்கும் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை அவர்.

"என்னவே உலகநாதா, வீடு கட்டுமுன்னாலேயே ஆளைக் குடி வச்சிட்டீரா?"

"நான் வைக்கல அண்ணாச்சி. அதுவா கேக்குது."

"கேக்கட்டும். நல்ல குடும்பமாத்தான் தெரியுது. சத்தம் போட மாட்டேங்காங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ரோஸ்மேரி அக்கா, தையல் மெஷினை வாசலில் போட்டு நாள் முழுக்கத் தைக்கிறவள், அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் தன் மகனை எழுப்பி பஸ்ஸுக்கு விரட்டினாள். கடிகாரத்தைவிட இது சரியாக இருக்கிறது என்றாள். காலையில் வேலை முடித்த பெண்கள் இரண்டு பேராக மூன்று பேராக வந்து சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் நின்று, தாளிக்கிற சத்தத்தை வைத்து அது ரசமா மோர்க்குழம்பா என்று சண்டை பிடித்தார்கள். பஞ்சாயத்தில் வரி எழுதுகிறவர் வந்து நின்று கேட்டுவிட்டு, ஆள் இருக்கிறது, வீடு இல்லை, கதவு எண் கொடுக்கலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்து, கதவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அது எங்கேயிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. உப்புக்காற்று வருகிறது, கேட்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது பேசாது. காலை ஒன்பது மணிக்குப் பூட்டுப் பூட்டுகிற சத்தம் ஒன்று, அவ்வளவுதான். "ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு" என்றார்கள். என் பேச்சிக்கும் அன்றைக்குத்தான் லீவு. இறால் கம்பெனியில் திங்கள் முதல் சனிவரை காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே விடுவார்கள். மதி பத்தாம் வகுப்பு. அவளுக்குச் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். ஆக, தெருவே கேட்ட எங்கள் வீட்டை எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு வந்து செங்கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிற பேச்சி, "தூக்கம் கெட்ட மனுசனுக்குக் காதுல என்னதான் கேக்காது" என்பாள்.

எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர். அதை ஊற்றிச் சுவரை நனைத்தால் மூன்றே வருஷத்தில் பூச்சு மாவாக உதிரும். கட்டின சுவரை நாள் தவறாமல் நல்ல தண்ணீரால் நனைத்தால்தான் அது இறுகும். நல்ல தண்ணீரோ ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வருவது, வீட்டுக்கு எட்டுக் குடம். முதல் வரிசைச் செங்கல் வைத்த அன்று நான் இரண்டு குடத்தோடு தடுமாறுவதைப் பார்த்து ரோஸ்மேரி அக்கா தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏட்டி, சும்மா வந்து காதைத் தீட்டிக் கேட்டுட்டுப் போறீங்களே, அந்த மனுசன் சுவர் காயுதுல்லா? கேக்க வர்றவ ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுக் கேளுங்க."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இடுப்பில் குடத்தோடு வருவார்கள், சுவருக்கு ஒரு சுற்று ஊற்றுவார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள், போவார்கள். தங்கள் எட்டில் ஒன்றை. குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பெண், தான் வர முடியாது என்று புருஷனிடம் ஒரு குடம் கொடுத்தனுப்பி, என்ன கேட்டது என்று வந்து சொல்லச் சொன்னாள். என் சுவர் ஒருநாள்கூடக் காய்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயம் வந்தது எப்போது என்றால், சுவர் முழங்கால் உயரம் ஏறினபோது. சுவர் ஏற ஏறச் சத்தம் துலங்கியது. துலங்கத் துலங்க ஒன்று எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசவில்லை. மூடியை அமுக்கி வைக்கிறார்கள், கடுகுச் சத்தத்தை மூடுகிறார்கள், பெண்பிள்ளை வாயைத் திறந்தால் 'உஸ்' என்கிறார்கள். அந்த மாதிரி நடக்கிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா செத்த பிறகு ஒரு வருஷம் எங்கள் வீடு அப்படித்தான் நடந்தது. இன்னொன்று: அந்த வீட்டில் பேச்சி இருந்தாள், மதி இருந்தாள், ஒருநாள்கூட, ஒரு இருமல்கூட, நான் இல்லை.

தெருவும் அதைக் கவனித்திருந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பு சிரித்துக்கொண்டு வந்தவர்கள் தண்ணீரை ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். சிலர் இரண்டு குடமாக ஊற்றினார்கள்.

போதாததற்குப் பின்னறையில் புதிதாக ஒரு சத்தம். ஃபேனுக்கு அடியில், ஈரமான மரத்தை யாரோ ரம்பத்தால் அறுப்பதுபோல ஒரு இழுப்பு, நிற்கும், மறுபடி இழுப்பு. கோட்டைச்சாமி அண்ணாச்சி அது பூமிக்கு அடியில் ஊற்று ஓடுகிற சத்தம் என்றார். மீன்காரி ஒருத்தி மட்டும், "யாரோ குறட்டை விடுதாப்ல இருக்கே" என்றாள். கூட நின்ற பெண்களெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்: "போட்டீ, புருசன் பொண்டாட்டி வேலைக்குப் போற வீட்டுல பதினோரு மணிக்கு எவன் குறட்டை விடுவான்?" நானும் சிரித்தேன். பகலில் தூங்குகிறவன் என்று ஒருவன் உண்டென்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குமே தோன்றவில்லை. ரோஸ்மேரி அக்கா மட்டும் மெஷினை மிதித்துக்கொண்டே, "பெட்டி செய்யிற தச்சன் வீட்டுல இப்படித்தான் சத்தம் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, எந்தப் பெட்டி என்பது எனக்குப் புரிந்துவிட்டதைப் பார்த்து, கையை உதறி சிலுவை போட்டுக்கொண்டாள்.

சுவர் இடுப்பளவு வந்தபோது அந்த இழுப்பு திணற ஆரம்பித்தது. பாதி இழுத்து, சிக்கி, கேவி, விடுபடும். சுவருக்கு உள்ளே பாதி கேட்டது, வெளியே பாதி கேட்டது. அந்த வாரம்தான் சவரிமுத்து கொத்தனார் சைக்கிளை நிறுத்தினார். தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார், தினமும் ஏதாவது ஒரு சொல் எறிந்துவிட்டுப் போவார்.

"ஆபரேட்டர் சார், மூலைமட்டம் வச்சிக் கட்டுனீங்களா, ஐஸ்பாளத்தை வச்சிக் கட்டுனீங்களா? உருகி வளைஞ்சாப்ல இருக்கே." இறங்கிவந்து டேப்பைப் போட்டார். முன்னறை பன்னிரண்டு அடி. அடுப்படி எட்டு. பின்னறை எட்டரை. "பின்னறை என்ன கணக்கு?"

"பத்து. நோட்டுல பத்துன்னுதான் போட்டிருக்கேன்."

அவர் நோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். காகிதத்தில் நான் போட்ட கோட்டுக்குத் தடிமன் இல்லை. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர், அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவர் ஒன்றுக்கு ஒன்பது அங்குலம், ஆக ஒன்றரை அடியைக் கடைசி அறைதான் இழந்திருந்தது.

"படிச்சுக் கட்டுறவங்க எல்லாரும் செய்யிற தப்பு சார். விடுங்க. ஆனா ஒண்ணு, இந்த மூலையில கட்டில் போட்டா கதவு திறக்காது. கதவு திறக்கணும்னா கட்டில் இருக்கக் கூடாது" என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் கொத்துக்கரண்டியைக் கழுவி, பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வீடு திரும்பினவன் பிறகு மனைக்குப் போகவில்லை.

என் கணக்கு எளிமையானது. அந்த வீட்டில் நான் இல்லை. வீடு முடிந்தால் நான் இல்லாத நாள் வந்துவிடும். முடியாவிட்டால் வராது. பேச்சியிடம், "மனையை வித்துடலாம்" என்றேன்.

அப்போது சித்திரை. கடலில் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடந்தன, இறால் இல்லாமல் அவள் கம்பெனியைப் பூட்டியிருந்தார்கள். மதி பரீட்சை முடிந்து சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். பேச்சி சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"காரணத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரம்பத்தையும் சொன்னேன். அவள் கேலி செய்வாள் என்று இருந்தேன், செய்யவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "நாளைக்குத் திங்கக்கிழமைதானே, நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் எட்டு மணிக்கு நாங்கள் போனபோது சுவர் ஈரமாக இருந்தது. நான் வராத ஒன்பது நாளும் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பேச்சி வாசல் இடைவெளி வழியாக, கதவு இருக்கிற மாதிரி குனிந்து உள்ளே போய், அடுப்படிக் கட்டத்தில் நின்றாள். 'டிங்' என்றது. அவள் கை தானாக மேலே வந்து வாயைப் பொத்தியது.

"இது நான்தான்" என்றாள். "இந்த மூடி ஓரம் நெளிஞ்சது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மாத்தணும்னு. அங்கேயும் நீங்க மாத்தலையா?"

பெண்பிள்ளை ஏதோ கேட்டது. 'உஸ்' வந்தது. உஸ்ஸுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு, எத்தனையோ நாள் நான் காதைக் கூராக்கியும் பிடிபடாதது. பேச்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய முணுமுணுப்பு அவளுக்குப் பிடிபட்டது. ஆனால் எனக்குச் சொல்லவில்லை. நேரே பின்னறைக்கு நடந்தாள்.

ரம்பம் இழுத்தது. திணறியது. நின்றது. அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது. ரோஸ்மேரி அக்கா எழுந்துவிட்டாள். குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றார்கள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இது நீங்கதான்."

"எது நான்?"

"இந்த ரம்பம்! வாரத்துல ஒரே ஒரு ராத்திரி, சனிக்கிழமை ராத்திரி, நீங்க என் பக்கத்துல படுக்கீங்க. பதினேழு வருசமா இதைக் கேட்டுக்கிட்டுத்தான் நான் தூங்காமக் கிடக்கேன். எனக்குத் தெரியாதா? இந்தா, இப்ப நின்னுருக்கா? ஏழு எண்ணுங்க. ஏழாவதுல விசில் வரும், உங்க கம்பெனி வால்வு மாதிரி."

அவள் எண்ண ஆரம்பித்தாள். குடத்தை இறக்காமலேயே அந்த இரண்டு பெண்களும் எண்ணினார்கள். தெருவைக் கடந்து வந்துகொண்டே ரோஸ்மேரி அக்கா எண்ணினாள். மூன்று, நாலு. ஆட்டுக்குப் பின்னால் வந்த கோட்டைச்சாமி அண்ணாச்சி என்ன ஏது என்று கேட்காமல் ஐந்திலிருந்து சேர்ந்துகொண்டார். ஆறு. ஏழு. ஐஸ் கம்பெனி வால்வு திறக்கிற மாதிரி, மெல்லிசாக, நீளமாக, காற்று வெளியேறியது. என் வாழ்நாளில் நான் கேட்டேயிராத என் மூச்சு.

"அப்போ அவங்க ஏன் அப்படிக் குசுகுசுன்னு பேசுதாங்க?" என்றேன்.

"நான் மதிகிட்டச் சொல்லுதேன், 'மெல்லப் பேசுட்டி, அப்பா இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க'ன்னு. வேற என்ன சொல்லுவேன்? மாவு மில் இல்லாத வீட்டுல முதல் தடவையா நீங்க தூங்குறீங்க. நாங்க சத்தம் போடுவமா?"

"ஞாயித்துக்கிழமை?"

"உங்களுக்கு லீவு. எனக்கு லீவு. பூட்டிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்போம். இல்லாம, ரோஸ்மேரி அக்கா சொன்ன மாதிரி கல்லறைக்கா போவோம்?"

"நான் எங்கட்டி கல்லறைன்னு சொன்னேன்? பெட்டின்னுதானே சொன்னேன்" என்றாள் ரோஸ்மேரி அக்கா, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கோட்டைச்சாமி அண்ணாச்சிக்குத்தான் ஆறவில்லை. "பட்டப்பகல்ல படுத்துத் தூங்குற ஆளுக்கா வே நாங்க இத்தனை குடம் சுமந்தோம்?"

"சரி, ஏன் திணறுது?" என்றேன் நான். பேச்சி கையை விரித்து, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று சுவரின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரின் நடுவில் ஒரு செங்கல்லைத் தட்டினாள்.

"உங்க கழுத்து மேலயே சுவரைத் தூக்கி வச்சிருக்கீங்க. தலை அந்தப் பக்கம் கிடக்கு, உடம்பு இந்தப் பக்கம் கிடக்கு. வேற எப்படி மூச்சு விடுவாரு பாவம்?"

ஒன்றரை அடி. நோட்டில் கோட்டுக்குத் தடிமன் போடாத அந்த ஒன்றரை அடி.

அன்றைக்கே பின்சுவரை இறக்கினோம். பதினோரு வரிசை. கலவை நன்றாக இறுகியிருந்தது; அத்தனை குடம் நல்ல தண்ணீர் குடித்த சுவர், எளிதில் விடவில்லை. ஒவ்வொரு செங்கல்லாக நான் தட்டித் தட்டி எடுக்க, பேச்சி சுரண்டிக் கொடுக்க, பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி அடுக்கினார்கள். ஒன்றரை அடி தள்ளிப் புது வானம் தோண்டினபோது சாயங்காலம் வேலைவிட்டு வந்த சவரிமுத்து சைக்கிளை நிறுத்தி, விஷயத்தைக் கேட்டு, சட்டையைக் கழற்றிச் சைக்கிள்மேல் போட்டார். "குறட்டை விடுற ஆளுக்கு இடம் விட்டுக் கட்டுறது எனக்கே புதுசு" என்று சொல்லிவிட்டு, பொழுது இறங்கும்வரை தோண்டினார். அதற்கு அப்புறம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கேலியும் செய்துவிட்டுப் போனார்.

கடைசிச் செங்கல்லை எடுத்த அந்த நிமிஷத்தில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அடைத்திருந்த குழாயில் தண்ணீர் வந்த மாதிரி, அந்த இழுப்பு தடங்கலில்லாமல் நீண்டு, நின்று, ஏழாவதில் விசிலடித்து, மறுபடி நீண்டது. கூடியிருந்தவர்கள் தாங்களும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

அதன் பிறகு தெருவில் நடந்ததைச் சொன்னால்தான் இது முடியும். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ரோஸ்மேரி அக்கா தன் தையல் மெஷினைக் காலையில் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். கோட்டைச்சாமி அண்ணாச்சி, பட்டப்பகல் தூக்கம் பற்றி முணுமுணுத்துக்கொண்டே, தன் தாய் ஆட்டின் கழுத்துமணிக்குள் துணி அடைத்தார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது ஒலிபெருக்கிக் குழாயை உப்பளத்துப் பக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள். உப்புக்கு நாலு நாள் பாட்டுக் கேட்டது. மீன்காரி எங்கள் மனைக்கு முன்னால் வரும்போது மட்டும் கூவுவதை நிறுத்தி, தாண்டிப் போனதும் தொடங்குவாள். குடத்தோடு வருகிற பெண்கள் வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். இன்னும் கூரை ஏறாத, கதவு வராத, கட்டில்கூட வாங்காத ஒரு வீட்டில் என்றோ ஒருநாள் தூங்கப்போகிற ஒருவனுக்காக. இருபத்திரண்டு வருஷத்தில் என் தூக்கத்துக்காக ஒரு ஆள் ஒரு கதவை மெல்லச் சாத்தி நான் கண்டதில்லை. இவர்கள் ஒரு தெருவையே மெல்லச் சாத்தினார்கள்.

புதுப் பின்சுவர் இடுப்பளவு வந்த அன்று காலை, ஷிப்ட் முடிந்து கண் எரிய எரிய வந்து நின்றேன். லாரி வந்து போயிருந்தது. யார் வைத்தது என்று தெரியாமல் நாலு குடம் நல்ல தண்ணீர் வாசல் இடைவெளியில் இருந்தது. உள்ளே மூடி 'டிங்' என்றது, சீப்பு சிக்கில் மாட்டியது, தாழ்ப்பாள் நகர்ந்தது. பின்னறையில் ஃபேனுக்கு அடியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றிப்போட்டேன். முதல் குடத்தை எடுத்து, சுவரின் தலையிலிருந்து, குடத்தின் வாயைக் கையால் பாதி மூடி, தண்ணீர் செங்கல்லில் விழுகிற சத்தம் அவனை எழுப்பிவிடாதபடி, மெல்ல ஊற்ற ஆரம்பித்தேன்.